வயிற்றில் பிள்ளையோடு குடித்தவர்கள், தூள் பாவித்தவர்கள்: பக்கத்தில் இருந்தவர்கள் எழுதுங்கள்

கொட்டாஞ்சேனை அக்கா:

எங்கள் தோட்டத்தில் (கொழும்பில் நெருக்கியடித்த குடியிருப்பை அப்படித்தான் சொல்வோம்) பத்துப் பதினைந்து வீட்டுக்கு ஒரு குழாய். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று குழாயடியில் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளை தூள் பாவிக்கிறாள் என்பதும் அப்படித்தான் தெரியும். (சிலர் குடு என்பார்கள். ஹெரோயின்தான்.) ஆனால் அவள் வயிற்றில் பிள்ளை இருப்பது மட்டும் ஐந்து மாதம் வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. பெரிய டீஷர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் தண்ணீர் பிடிக்க வருவாள்.

ஒரு நாள் இரவு சுவரைத் தட்டும் சத்தம். போய்ப் பார்த்தால் தரையில் சுருண்டு கிடக்கிறாள். வேர்வை, மூக்கால் தண்ணீர், வாந்தி, வயிற்றோட்டம். வயிற்றைத் தொட்டேன், கல் மாதிரி இறுகியிருந்தது. "பிள்ளைக்காக நிப்பாட்டிட்டேன் அக்கா, ரெண்டு நாளாச்சு" என்றாள். எனக்கோ சந்தோஷம். கொத்தமல்லி அவித்துக் கொடுத்து, "கெட்டிக்காரி, இன்னும் ரெண்டு நாள் பொறுத்துக்கோ" என்று தலையைத் தடவிவிட்டு வந்து படுத்துவிட்டேன். நான் செய்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அடுத்த நாள்தான் தெரிந்தது.

எங்கள் பக்கத்துக்கு வரும் மிட்வைஃப் மிஸ் சிங்களவர், தமிழ் அரைகுறை. எதிர்வீட்டுக் கைக்குழந்தையைப் பார்க்கக் குடையோடு வந்தவரை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. அது கோபமில்லை, பயம். தூளுக்குப் பழகிய கர்ப்பிணி வீட்டிலேயே திடீரென்று நிப்பாட்டினால் வயிற்றுப் பிள்ளைக்கும் அதே அவஸ்தை வருமாம். கரு கலையலாம், குறைமாதத்தில் வலி வரலாம். விடத்தான் வேண்டும், ஆனால் டொக்டர் பார்த்துக்கொண்டிருக்க, மருந்தோடு விட வேண்டும். அன்றே த்ரீவீல் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

வழியில் கேட்டேன், ஏன் இவ்வளவு நாளாகக் கிளினிக் போகவில்லை என்று. "போனா பொலிசுக்குச் சொல்லுவாங்க, பிள்ளைய பறிச்சுருவாங்க." வேறு காரணம் எதுவும் அவளிடம் இல்லை.

எனக்கு இன்றைக்கும் நினைவில் நிற்பது மிஸ் அவளிடம் கேள்வி கேட்ட விதம். வெற்றிலை போடுவீங்களா, புகையிலை, பியர், சாராயம், கஞ்சா, ஐஸ், தூள்? இரும்புக் குளிசை குடிச்சீங்களா என்று கேட்கிற அதே குரல். அவளும் குளிசைக்குப் பதில் சொல்வது போலவே சொல்லிவிட்டாள்.

யோசித்துப் பாருங்கள், இலங்கையில் கிளினிக் போகும் கர்ப்பிணி எல்லோருக்கும் சிபிலிசுக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் எடுக்கிறார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு அவை தொற்றுவதை ஒழித்துவிட்டோம் என்று 2019 இல் உலக சுகாதார நிறுவனமே சான்று கொடுத்தது. எல்லோருக்கும் எடுப்பதால் யாரும் வெட்கப்படுவதில்லை. போதைப் பழக்கத்தை மட்டும் ஏன் முகத்தைப் பார்த்து, உடுப்பைப் பார்த்து, தெருவைப் பார்த்துக் கேட்கிறோம்?

பிள்ளை பிறந்த கதையைப் பிறகு எழுதுகிறேன். நீங்களும் பார்த்ததை எழுதுங்கள். புத்திமதி வேண்டாம்.

பென்ஷன் எடுத்த தாதி:

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். பச்சைக் குழந்தை வார்டில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவள் நான்.

தூள் பாவித்த தாயின் பிள்ளை பிறந்த அன்று நன்றாகத்தான் இருக்கும். இரண்டாம், மூன்றாம் நாளில்தான் தொடங்கும். அந்த அழுகையைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். மெல்லிய, கூரான, விடாத அழுகை. கை கால் நடுங்கும். அடுக்கடுக்காகத் தும்மும், கொட்டாவி விடும். பசியில் கைமுட்டியைச் சப்பும், ஆனால் முலையைக் கொடுத்தால் பிடிக்கத் தெரியாமல் திணறும். வயிற்றாலே போய்ப் போய்ப் பின்பக்கத் தோல் உரிந்திருக்கும். இவற்றுக்குப் புள்ளி போட 1975 இல் அமெரிக்காவில் பின்னகன் என்ற டொக்டர் ஒரு தாள் உருவாக்கினார். எத்தனை புள்ளி என்பதைப் பார்த்துத்தான் மருந்து தேவையா இல்லையா என்று முடிவெடுப்பார்கள். ஐஸ் (மெத்தம்ஃபெட்டமின்) பாவித்த தாயின் பிள்ளை பெரும்பாலும் இதற்கு நேரெதிர். நிறை குறைவாக, தூங்கித் தூங்கியே கிடக்கும். பாலுக்கு எழுப்புவதே பெரும் பாடு.

நான் ஒரு பாவம் செய்திருக்கிறேன், இங்கே சொல்லிவிடுகிறேன். ஆரம்ப காலத்தில் அப்படி ஒரு பிள்ளையை நாங்கள் எல்லோரும் "குடு பபா" (தூள் குழந்தை) என்றுதான் சொல்வோம். ஒரு நாள் நான் சொன்னது தாயின் காதில் விழுந்தது. கட்டில் ஓரத்தில் இருந்தாள், ஒன்றும் பேசவில்லை. மாலையில் பார்த்தால் ஆள் இல்லை. பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விட்டாள். அவள் எங்கே போனாள் என்பது இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. இத்தனைக்கும் அந்தப் பிள்ளை எதற்கும் அடிமையில்லை. வயிற்றுக்குள் கிடைத்துக்கொண்டிருந்தது ஒரே நாளில் நின்றுபோனதால் அதன் உடம்பு தவித்தது, அவ்வளவுதான்.

பிறகுதான் விளங்கியது, அந்தப் பிள்ளைக்கு முதல் மருந்தே தாய்தான். வெளிச்சத்தைக் குறை, சத்தத்தைக் குறை, துணியால் இறுக்கிச் சுற்று, தாயின் வெறும் நெஞ்சில் போடு, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால் கொடு. இதிலேயே பாதிப் பிள்ளைகள் அடங்கியதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2014 ஆம் ஆண்டு வழிகாட்டியும் தாயையும் பிள்ளையையும் பிரிக்காதே என்கிற பக்கம்தான். அதே வழிகாட்டி, தூளுக்கு அடிமையான கர்ப்பிணியை வெறுமனே நிப்பாட்டச் சொல்லாமல், மெதடோன் போன்ற மாற்று மருந்தில் நிதானமாக வைத்திருப்பதையே பரிந்துரைக்கிறது. பால் கொடுப்பது பற்றி மட்டும் உங்களுடைய டொக்டரிடம் கேளுங்கள். இப்போதும் பாவிப்பவருக்கும் மருந்தில் நிதானமாக இருப்பவருக்கும் ஒரே பதில் கிடையாது.

கொத்தமல்லி கொடுத்த அக்காவுக்கு: விடுங்கள், நாங்கள் படித்துவிட்டுச் செய்ததைவிட அது எவ்வளவோ மேல்.

வெள்ளவத்தை, ஒரு பையனின் அம்மா:

என் கதை சிரிப்புக் கதை, ஆனால் அப்போது சிரிக்கவில்லை. எனக்கு நாலாம் மாதம் தொடங்கியதும் மாமி ஊரிலிருந்து வந்து இறங்கினார். ஒன்றுவிட்ட ஒரு நாள் ஒரு கிளாஸ் ஸ்டவுட்டில் (கறுப்பு பியர்) முட்டையை அடித்துக் கையில் தருவார். "குடியும் பிள்ளை, இரத்தம் ஊறும்." மாமியிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வருமா? அதோடு கறுப்பாக, கசப்பாக இருந்ததால் மருந்து என்றே நானும் நம்பிவிட்டேன். போதாததற்கு அரிஷ்டம் வேறு. அதுவும் புளிக்க வைத்துச் செய்வதுதான், அதிலும் மது உண்டு என்று பிறகுதான் தெரியும்.

ஏழாம் மாதம் கிளினிக்கில் பேச்சுவாக்கில் சொன்னேன். டொக்டர் பேனாவை வைத்துவிட்டார். "இவ்வளவு குடித்தால் பாதுகாப்பு என்று ஒரு அளவு கிடையாது. நடந்ததை விடுங்கள், இன்றைக்கு நிப்பாட்டினாலும் அது பிள்ளைக்கு லாபம்." அவ்வளவுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து படிக்கத் தொடங்கினேன், பிடித்தது வினை. 1968 இல் பிரான்சில் லெமுவான் என்பவர் குடிக்கும் தாய்மாரின் பிள்ளைகளைப் பற்றி எழுதினார், பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 1973 இல் சியாட்டிலில் இரண்டு டொக்டர்கள் அதற்கு ஃபீட்டல் அல்கஹோல் சின்ட்ரோம் என்று பெயர் வைத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கண் பிளவு சிறியதாக இருக்கும், மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் உள்ள பள்ளம் மட்டமாக இருக்கும், மேலுதடு மெல்லியதாக இருக்கும். இதைப் படித்ததிலிருந்து மகன் தூங்கிய பிறகு டோர்ச் அடித்து அவன் மேலுதட்டைப் பார்ப்பதே எனக்கு வேலை. ஒரு வருடம் பார்த்தேன். அவனுக்கு இப்போது ஒன்பது வயது, ஒரு குறையும் இல்லை, அப்பாவின் அதே வாய்.

மாமிக்கு இன்னும் சொல்லவில்லை.

பெயர் வேண்டாம்:

மேலே எழுதிய அக்கா, உங்கள் மாமி தந்தார். நான் தானாகக் குடித்தேன்.

நல்ல வேலை, கடற்கரைப் பக்கம் ஃபிளாட், ஆங்கிலப் பள்ளிக்கூடம் படித்தவள். கணவர் கப்பலில். தனிமைக்கு ஒரு கிளாஸ் என்று தொடங்கியது, கரு தங்கியபோது தினமும் அரைப் போத்தலாகியிருந்தது. பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்று 1979 இல் ஒரு கட்டுப்பாடு போட்டார்களே, 2018 ஜனவரியில் நிதி அமைச்சராக இருந்த மங்கள சமரவீர அதை நீக்கியதும் சில நாட்களிலேயே அப்போதைய ஜனாதிபதி சிறிசேன திரும்பக் கொண்டுவரச் செய்தாரே, நினைவிருக்கிறதா? எத்தனை கடைக்காரர் அந்தச் சட்டத்தைப் பார்க்கிறார்களோ தெரியாது. ஆனால் அந்தப் பார்வை ஒவ்வொரு கடையிலும் இருக்கிறது. த்ரீவீல் அண்ணன்தான் எனக்கு வாங்கி வருவார்.

கிளினிக்கிலோ தனியார் டொக்டரோ என்னிடம் ஒருவர்கூடக் கேட்கவில்லை. என்னைப் போன்றவளிடம் அதை எப்படிக் கேட்பது என்று நினைத்திருப்பார்கள். பிள்ளை பிறந்து ஒரு மாதத்தில் மிட்வைஃப் வந்து மனச்சோர்வு பற்றிப் பத்துக் கேள்வி உள்ள தாள் ஒன்று தந்தார். அதிலும் போத்தல் பற்றி எதுவும் இல்லை. கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்குக் கேள்வி பயம், எனக்கோ கேள்வியே வரவில்லை. இரண்டு பேரும் ஒளித்துக்கொண்டுதான் இருந்தோம்.

ஆறாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலில் நேர்ந்துகொண்டு ஒரேயடியாக விட்டேன். அடுத்த நாள் மாலை கை நடுக்கம், சுவரில் எறும்பு ஊர்வது போலத் தெரிந்தது, பிறகு ஒன்றும் நினைவில்லை. வலிப்பு வந்திருக்கிறது. வேலைக்கார அம்மா கதவை உடைத்திராவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். தினமும் நிறையக் குடிப்பவர்கள் தயவுசெய்து தனியாக இருந்து திடீரென்று விடாதீர்கள். ஆஸ்பத்திரியில் வைத்துத் தயமின் என்ற விற்றமின் ஊசி, நடுக்கத்துக்கு மருந்து கொடுத்து இறக்குவார்கள்.

மகளுக்கு நாலு வயது. பேச்சு கொஞ்சம் பின்னால்தான், சொன்னதை மறந்துவிடுவாள். அதனாலா, வேறு எதனாலாவதா, யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. வாரம் ஒரு நாள் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறேன்.

மாளிகாவத்தை அம்மம்மா:

எல்லோரும் நல்லாத்தான் எழுதுகிறீர்கள். என் மகள் ஐஸ். காதில் கிடந்ததையும் வித்துவிட்டாள். இரண்டு முறை கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தேன், இரண்டு முறையும் ஓடி வந்தாள். பிள்ளைக்குப் பால்மா வாங்க வைத்த காசையும் எடுத்தாள். பேரனை வளர்ப்பது நான், எனக்கு அறுபத்தி நாலு வயது, முழங்கால் மடக்க முடியாது. அவளைத் திட்டாதே, அவளும் நோயாளி என்கிறார்கள். சரி, நோயாளிதான். இரவில் எழும்புவது யார்?

ஞாயிறு மட்டும் அவள் வருவாள். பிள்ளையை மடியில் வைப்பாள், நான் பக்கத்திலேயே இருப்பேன், பையைத் திறந்து பார்த்துத்தான் அனுப்புவேன். திட்டுவேன், சோறும் போடுவேன்.

கொட்டாஞ்சேனை அக்கா:

அம்மம்மா, நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927, அங்கொடை மனநல நிறுவனத்தின் இலக்கம் 1926. மகளுக்காக மட்டுமில்லை, வீட்டில் தாங்குகிறவர்களும் எடுத்துக் கதைக்கலாம். பேரனைத் தூக்க ஆள் வேண்டுமென்றால் மாளிகாவத்தை எனக்குத் தூரமில்லை, உண்மையாகத்தான் சொல்கிறேன், உள்பெட்டிக்கு எழுதுங்கள்.

மீதிக் கதை: பிள்ளை குறைமாதம்தான், ஆனால் தங்கியது. தாதி அம்மா எழுதிய அதே அழுகை, அதே தும்மல். பன்னிரண்டு நாள் வார்டில். அவளை யாரும் போகச் சொல்லவில்லை, நாற்காலியிலேயே பிள்ளையை நெஞ்சில் போட்டபடி தூங்கினாள். வீட்டுக்கு வந்த பிறகு முதல் பத்து நாளில் மிஸ் இரண்டு தரம் வந்தார். மூன்றாம் மாதம் திரும்பவும் தூளுக்குப் போனாள், பொய் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் பிள்ளை என்னோடு. எட்டாம் நாள் வாசலில் வந்து நின்றாள், உள்ளே வர வெட்கம். கையில் திரிபோஷா சத்துமாப் பைக்கட். கிளினிக் போய் வந்திருக்கிறாள்.

"மிஸ்ஸுகிட்ட சொல்லிட்டேன் அக்கா" என்றாள். "என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"கடைசியா எப்ப எடுத்தனு கேட்டாங்க. அப்புறம் பிள்ளைக்கு ஊசி போட்டாச்சானு கேட்டாங்க."