பொறிவண்டுச் சாமியார்

திருப்பூரிலிருந்து:

எழுத்தாளர்களைச் சந்தித்த அனுபவங்களை இந்தப் பகுதியில் எல்லோரும் எழுதுகிறீர்கள். நான் சொல்லப்போகிறவரை நேரில் பார்த்ததில்லை. 2006 ஜனவரியில் போலந்தின் தலைநகர் வார்சாவில் காலமாகிவிட்டார். பெயர் யான் த்வார்தோவ்ஸ்கி, கத்தோலிக்கக் குரு, போலந்துக் கவிஞர்.

நான் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், ஆர்டர்களைக் கவனிக்கிறவன். எங்களிடம் சரக்கு வாங்கும் பையர்களில் ஓர் அம்மா வார்சாவில் இருக்கிறார். ஒரு ஆகஸ்ட் 1, ராத்திரி எட்டரை மணிக்கு டி-ஷர்ட் லாட் ஒன்றின் ஷேடு பற்றி வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தோம். அங்கே சாயங்காலம் ஐந்து. திடீரென்று சைரன். அந்தம்மா பேச்சை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்றார். தெருவில் வண்டிகள் நின்று ஹாரன் அடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. ஒரு நிமிடம் கழித்து உட்கார்ந்தவர் சொன்னார்: 1944இல் இதே நாள், இதே நேரத்தில்தான் எங்கள் ஊர் ஜெர்மன் படையை எதிர்த்து எழுந்தது.

63 நாள் சண்டை. பொதுமக்களில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் மாண்டார்கள். சரணடைந்த பிறகும் விடவில்லை, தெருத்தெருவாகத் தீ வைத்தும் வெடி வைத்தும் நகரத்தைத் தரைமட்டமாக்கினார்கள்.

அந்தச் சண்டையில் இருந்தவர்தான் த்வார்தோவ்ஸ்கி. 1915இல் பிறந்தவர். 1937இல் முதல் கவிதைத் தொகுப்பு வந்தது, மொத்தமே 40 பிரதி! இரண்டாம் உலகப் போர் வந்ததும், தலைமறைவாக இயங்கிய போலந்தின் தாயகப் படையில் சேர்ந்தார். அவரைவிட இளையவரான பச்சின்ஸ்கி என்ற அருமையான கவிஞர், எழுச்சி தொடங்கிய நான்காம் நாளே 23 வயதில் குண்டடிபட்டு இறந்தார். இவர் பிழைத்தார், வீடு பிழைக்கவில்லை. 1945இல் குருமடத்தில் சேர்ந்து, 1948இல் குருவானார்.

இத்தனையும் பார்த்த மனுஷன் அப்புறம் எதை எழுதினார் என்று ஆங்கில மொழிபெயர்ப்புகளைத் தேடித்தேடிப் படித்தேன். பொறிவண்டு, நாய், மரம், கிழவி, குழந்தை! பொறிவண்டைச் சேர்த்தே அவருக்கு ஒரு செல்லப்பெயர் உண்டு. என் மனசுக்குப் பட்டதைச் சொல்கிறேன்: ஒரு நகரமே எரிந்ததைப் பார்த்தவருக்கு, இலை மேல் ஊரும் பூச்சி உயிரோடு இருப்பதே பெரிய சேதியாக இருந்திருக்கும்.

‘உங்களை மனம் மாற்ற வரவில்லை ஐயா’ என்று தொடங்கும் அவர் கவிதை ஒன்று உண்டு. உபதேசமெல்லாம் மறந்துபோச்சு, சும்மா உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து என் ரகசியத்தைச் சொல்கிறேன், நான் குழந்தை மாதிரி கடவுளை நம்புகிறேன் என்கிறார், அவ்வளவுதான். நான் மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவன். ஒரு சாமியார் இப்படிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எழுந்து போக யாருக்கு மனசு வரும்?

கருமத்தம்பட்டியிலிருந்து:

அண்ணா, நீங்கள் சொன்ன சாமியாரின் ஒரு வரி எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்திருக்கிறது. எங்கள் அம்மாயி, அம்மாவைப் பெற்றவர், இறந்த முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க வேண்டியிருந்தது. வழக்கமான வசனம் ஏற்கெனவே இருக்க, ரோமில் படிக்கும் சொந்தக்காரப் பையன் ஒருவன் இதை அனுப்பினான்: ‘மனிதர்களை நேசிக்க விரைவோம், அவ்வளவு சீக்கிரம் அவர்கள் போய்விடுகிறார்கள்.’ அன்னா கமியென்ஸ்கா என்ற கவிஞருக்கு த்வார்தோவ்ஸ்கி காணிக்கையாக்கிய கவிதை அது. போலந்தில் மரண அறிவிப்புகளிலும் கல்லறைகளிலும் இந்த வரியைப் போடுவார்களாம்.

முழுக் கவிதையையும் அப்புறம்தான் படித்தேன். அடுத்த வரியிலேயே, போனவர்கள் விட்டுச்செல்வது செருப்பும் பதில் சொல்லாத தொலைபேசியும் என்று வருகிறது. எங்கள் வீட்டு ஆசாரத்து (கூடத்து) ஓரத்தில் அம்மாயியின் ரப்பர் செருப்பு கிடந்தது, குதிகால் பக்கம் தேய்ந்து. அவர் பட்டன் போனுக்கு ரீசார்ஜ் செய்யச் சொல்லி மெசேஜ் வந்துகொண்டே இருந்தது. எங்கேயோ இருந்த சாமியாருக்கு எங்கள் வீட்டு ஆசாரம் எப்படித் தெரிந்தது என்றிருந்தது.

கல்லறைத் திருநாளுக்கு மாமா முதல்நாளே போய்ச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்தார். பூவும் மெழுகுவர்த்தியும் வைத்து ஜெபித்தபின் அந்த வரியைப் படித்தோம். பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த ஒரு பாட்டி, “இன்னொருக்கா படி கண்ணு” என்றார். படித்தேன். தன் வீட்டுக்காரர் கல்லறைப் பக்கம் திரும்பி நின்று இன்னொரு தடவையும் படிக்கச் சொன்னார்.

ஈரோட்டிலிருந்து:

நான் சிறப்புப் பள்ளி ஆசிரியை. இரண்டு பேரும் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். குருவான புதிதில் த்வார்தோவ்ஸ்கி வார்சாவுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், எங்கள் பிள்ளைகளைப் போன்றவர்கள் படித்த பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தார். அவர் கவிதையில் பெரிய வார்த்தையே இல்லாததற்கு அந்த வகுப்பறைதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் பிள்ளைகளிடம் அலங்காரம் எடுபடாது. “மழை வந்துச்சு, நாய் நனைஞ்சுச்சு” என்றால் உடனே, “எந்த நாய் மிஸ்?” என்பார்கள். அது எந்த நாய் என்று தெரிந்திருந்தால்தான் அடுத்த வரிக்கே போக முடியும்.

குழந்தைகளுக்காக 1973இல் ஒரு புத்தகம் போட்டார், ‘கட்டம் போட்ட நோட்டு’ என்று பெயர். திருப்பூர் அண்ணா, உங்கள் பையர் அம்மாவிடம் சொல்லி அதில் ஒரு பிரதி வாங்கித்தர முடியுமாங்க? போலிஷ் எனக்குத் தெரியாது. பொறிவண்டு வருகிற பக்கத்தை மட்டும் அவர் ஆங்கிலத்தில் சொன்னால், மிச்சத்தை நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொள்கிறேன்.