குடிமகன்னா யாருங்க?

கேள்வி: பேப்பர்ல "டாஸ்மாக் முன்னாடி குடிமகன்கள் ரகளை"ன்னு போடுறாங்க, ஆனா ஸ்கூல்ல குடிமகன்னா நாட்டோட பிரஜைன்னுதானே படிச்சோம், எது சரி?

பதில் 1: ரெண்டும்தான் பாஸ். குடின்னா குடும்பம், குடியிருக்குறவங்க. குடிக்கிறதும் குடிதான். அந்த சிலேடையை வெச்சு கிண்டலா ஆரம்பிச்சது, 2003 கடைசில டாஸ்மாக்கே சில்லறைக் கடையும் நடத்த ஆரம்பிச்சப்புறம் "அரசாங்கத்துக்கு வருமானம் குடுக்குற நல்ல குடிமகன்"னு ஜோக் இன்னும் பொருத்தமா போச்சு.

பதில் 2: திருக்குறள்ல 96வது அதிகாரம் குடிமை, அது நல்ல குடில பொறந்தவங்க குணத்தப் பத்தி. குடிக்கிறவங்களுக்கு 93, கள்ளுண்ணாமை. மாத்திப் படிச்சிடாதீங்க 😄

பதில் 3: எழுத்துல கிண்டலா போடணும்னா 'குடிமகன்'னு கொட்டேஷன் போட்டுடுங்க, இல்லன்னா குழப்பம். நேர்ல அவ்வளவா அப்படி சொல்றதில்ல, குடிகாரன், இல்லன்னா "தண்ணி போட்டிருக்கான்", ரொம்ப ஓவரானா "மட்டை ஆயிட்டான்". நியூஸ்ல வர்ற மதுப்பிரியர்ங்கிற வார்த்தைதான் எனக்குப் புடிக்கல, என்னமோ சங்கீதப் பிரியர் மாதிரி.

கேள்வி கேட்டவர்: அப்ப "குடிமக்கள்"னு பன்மைல போட்டா?

பதில் 3: அது பெரும்பாலும் பிரஜைங்கதான். கிண்டலுக்கு "குடிமகன்கள்"னுதான் போடுவாங்க, நீங்க பார்த்த தலைப்பும் அதானே.