சாவோ சிங்கங்கள்: 135 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

பழம்பிரதி:
வேட்டை நூல்கள் இழையில் காட்டுராஜா நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவர் எழுதியது இது: "1898ல் கென்யாவின் சாவோ ஆற்றில் ரயில் பாலம் கட்டியபோது இரண்டு சிங்கங்கள் 135 பேரைத் தின்றன. பாலம் கட்டிய பொறியாளர் பேட்டர்சன் தன் புத்தகத்திலேயே கணக்கு கொடுத்திருக்கிறார். அந்தக் கால வேட்டைக்காரர்கள் எழுதியது நேரில் கண்ட ஆவணம், சந்தேகமே வேண்டாம்."

1907ல் வந்த அந்தப் புத்தகத்தின் மறுபதிப்பு என் மேஜைமேல் இருக்கிறது. அதில் இந்தியத் தொழிலாளர்கள் 28 பேர் என்றுதான் போட்டிருக்கிறது. கூடவே ஆப்பிரிக்கர்கள் பலர், அவர்களுக்குப் பதிவு இல்லை என்று ஒரே வரி. 135 எங்கே?

காட்டுராஜா:
அம்மணி, நான் முப்பது வருஷமாக இந்த நூல்களைப் படிக்கிறேன். சிங்கங்களின் தோல்களை சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகம் 1924ல் 5,000 டாலருக்கு வாங்கியது. அடுத்த வருஷம் அங்கே வெளிவந்த சிறுநூலில் பேட்டர்சனே 135 என்று எழுதினார். எழுதியவர் அவர்தானே? அப்புறம் என்ன?

பழம்பிரதி:
அப்புறம் இதுதான்: நீங்கள் சொன்னது "புத்தகத்திலேயே". இப்போது சிறுநூலுக்கு நகர்ந்துவிட்டீர்கள். 1907ல் 28 பேரும் கணக்கில்லாத ஆப்பிரிக்கர்களும். தோலை விற்ற பிறகு 135. நடுவில் பதினெட்டு வருஷம். யார் எண்ணினார்கள், எந்த ஏட்டைப் பார்த்து எண்ணினார்கள்? புத்தகத்தில் இருக்கிறது என்றால் பக்கம் சொல்லுங்கள்.

நெல்லைச்சீமை:
சண்டை வேண்டாம். 2009ல் அந்தச் சிங்கங்களின் ரோமத்தையும் எலும்பையும் வேதியியல் முறையில் ஆராய்ந்து, இரண்டும் சேர்ந்து தின்றது சுமார் 35 பேர் என்று மதிப்பிட்டார்கள். 135ம் இல்லை, 28ம் இல்லை.

காட்டுராஜா:
தம்பி, அது தின்ற கணக்கு. கொன்ற கணக்கு இல்லை. கொன்று போட்டுவிட்டுப் போன உடல்கள் சிங்கத்தின் ரோமத்தில் தெரியாது. 135 என்பது கொன்ற கணக்கு.

பழம்பிரதி:
உங்கள் முதல் பதிவில் "தின்றன" என்று இருக்கிறது. மேலே போய்ப் பாருங்கள்.

நெல்லைச்சீமை:
ஆனால் அக்கா, நம்பர் தப்பு என்பதற்காகப் புத்தகமே பொய் என்று ஆகிவிடுமா? கூலிகள் தண்டவாளத்தில் படுத்து ரயிலை நிறுத்தி, நூற்றுக்கணக்கில் ஏறி ஓடிய காட்சி...

பழம்பிரதி:
"கூலிகள்" என்ன கூலிகள்? அவன் எழுதினான், நீங்களும் அப்படியே எழுதுவீர்களா? கொத்தனார், தச்சர், தண்ணீர் சுமப்பவர் என்று ஆளுக்கொரு தொழில் இருந்தது. புத்தகம் பொய் என்று நான் சொல்லவே இல்லை. உங்கன் சிங் என்ற ஜமேதார் செத்த இடத்தைப் படியுங்கள். திறந்திருந்த கூடார வாசலில் சிங்கம் தலையை நுழைத்து அவர் தொண்டையைக் கவ்வுகிறது. அவர் "சோடோ", விடு என்று கத்திக்கொண்டே இரண்டு கையாலும் அதன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார். அதே கூடாரத்தில் படுத்திருந்தவர்கள் ஒன்றும் செய்ய முடியாமல் வெளியில் நடக்கும் போராட்டத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மறுநாள் பேட்டர்சன் ரத்தத் திட்டுகளைப் பார்த்துப் பார்த்துப் போகிறார். இதைப் படிக்கும்போது எனக்கு இன்றைக்கும் கை நடுங்குகிறது. அந்த மனுஷனுக்காவது பேர் இருக்கிறது. ஆப்பிரிக்கர் ஒருவருக்கும் பேர் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. அந்த வெற்று இடத்தில்தான் 135ஐக் கொண்டுவந்து வைக்கிறீர்கள்.

காட்டுராஜா:
உணர்ச்சிவசப்பட்டால் சரித்திரம் மாறாது. புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டைப் பற்றிய இழையிலும் இதையேதான் செய்தீர்கள். சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றது என்று நான் எழுதியதும் "நேபாளத்தில் யார் எண்ணினார்கள்" என்று கேட்டு எனக்கு வாசிக்கத் தெரியாது என்றீர்கள். அதை நான் மறக்கவில்லை.

பழம்பிரதி:
மறக்க வேண்டாம். இருநூறு பேரைக் கொன்ற பிறகு அந்தப் புலி நேபாளத்திலிருந்து விரட்டப்பட்டது என்கிறார் கார்பெட். இருநூறு என்று அப்படி முழுசாக வந்து நிற்கிற எண்ணைக் கண்டால் கேள்வி கேட்பது வாசகரின் கடமை.

வடமராட்சியான்:
நீங்கள் எல்லாரும் ஆள்கொல்லியைப் பற்றியே கதைக்கிறியள். எங்கட இலங்கையில மேஜர் ரோஜர்ஸ் எண்ட வெள்ளைக்கார அதிகாரி 1,400 யானைக்கு மேல சுட்டவர் எண்டு சொல்லுறவை. 1845ல அப்புத்தளையில இடி விழுந்து செத்தவர். அந்த யானையள் யாரைத் தின்டதாம்? அதைப் பெருமையா எழுதி வைச்சிருக்கினம். அந்த 1,400ஐ ஆர் எண்ணினவை?

காட்டுராஜா:
யானை வேறு இழை, நண்பரே.

வடமராட்சியான்:
ஏன் வேறை? கணக்கு எண்டா எல்லாம் கணக்குத்தானே அண்ணை.

நெல்லைச்சீமை:
இலங்கைக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். சிங்கங்களை ஒழித்த பிறகு தொழிலாளர்களே பேட்டர்சனுக்கு வெள்ளிக் கிண்ணம் கொடுத்தார்கள், அவரைப் புகழ்ந்து பாட்டு கட்டினார்கள். மோசமான ஆளுக்கு யாரும் அதைச் செய்வார்களா?

பழம்பிரதி:
அதே புத்தகத்தில் தொழிலாளர்கள் தன்னைக் கொல்லச் சதி செய்ததாகவும் எழுதியிருக்கிறாரே, அந்த அத்தியாயத்தை விட்டுவிட்டீர்களா? கிண்ணம் மட்டும் கண்ணில் படுகிறது. அந்த ரயில் பாதைக்கு இந்தியாவிலிருந்து போனவர்கள் சுமார் 32,000 பேர். திரும்பாமல் அங்கேயே செத்தவர்கள் 2,500 பேர் அளவில். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, விபத்து. அதைப் பற்றி யாருக்கும் இழை தொடங்கத் தோன்றவில்லை. சிங்கம் தின்றால்தான் நமக்குச் சாவு.

காட்டுராஜா:
பார்த்தீர்களா, 135லிருந்து 2,500க்குத் தாவிவிட்டார். பதில் இல்லையென்றால் தாவுவது. பேட்டர்சன் எழுதினார், அருங்காட்சியகம் அச்சிட்டது. 135.

பழம்பிரதி:
தாவியது நானா? புத்தகத்திலிருந்து சிறுநூலுக்கு, தின்றதிலிருந்து கொன்றதற்கு. முதல் பதிவைத் திருத்துங்கள், அல்லது பக்க எண் போடுங்கள்.

காட்டுராஜா:
திருத்த மாட்டேன்.

நெல்லைச்சீமை:
"கூலி" என்று எழுதியதற்கு என்னிடம் கோபப்பட்டீர்களே அக்கா, அந்தக் காலத்து ஆவணங்களில் அதுதானே சொல்?

பழம்பிரதி:
ஆவணத்தில் இருக்கட்டும் தம்பி. உங்கள் வாயில் ஏன்?

காட்டுராஜா:
இப்போது சொற்பொருள் வகுப்பு. 135.

பழம்பிரதி:
பக்க எண்?

வடமராட்சியான்:
யானைக் கணக்குக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்லை.