புதுப்பிப்பு: சரணத்தில் சுருதி இறங்கியது எங்கே?

பாட்டுப் போட்டி பற்றிய முதல் பதிவில், "இறுதிச்சுற்றில் இரண்டாவதாகப் பாடியவருக்கு மேல் ஸ்தாயி (உயர்ந்த ஸ்வரங்கள்) எட்டவில்லை, அதனால்தான் சரணத்தில் சுருதி இறங்கியது" என்று எழுதியிருந்தேன். பலர் மறுத்தீர்கள். நீங்கள் சொன்னதே சரி.

ஹெட்போனில் கேட்டால் மேல் ஷட்ஜம் (மேல் ஸ்தாயியின் 'ஸ') சுத்தமாகவே விழுகிறது. பிசகு அதற்கு முந்தைய வரியில். பல்லவி முடிந்ததும் மூச்சு எடுக்க இடம் இருந்தும் எடுக்காமல் நுழைகிறார். வரியின் கடைசி நெடிலை இழுக்கும்போது காற்று தீர்ந்து ஸ்வரம் மெல்லச் சரிகிறது. குரல் வளத்தில் குறையே இல்லை, மூச்சைப் பங்கிட்டதில்தான் குறை.

கட்டை, அதாவது பாடகர் வைத்துக்கொள்ளும் சுருதியின் உயரம், பற்றிக் கேட்டவர்களுக்கு: 5 கட்டைக்கும் 5½ கட்டைக்கும் இடைவெளி அரை ஸ்வரம், அதாவது 100 சென்ட் (ஸ்வர இடைவெளியை அளக்கும் நுண்ணலகு). நீட்டிப் பிடிக்கும் ஸ்வரத்தில் 20 சென்ட் குறைந்தாலே பழகிய காதுக்கு உறுத்தும். பிருகாவில், அதாவது வேகமாக உருளும் ஸ்வரக் கோவையில், அதே 20 சென்ட் கடந்து போய்விடும். முதலில் பாடியவரின் வேகமான சங்கதிகள் (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதங்கள்) பிழையே இல்லாததுபோலத் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டாமவர் பாடியதுபோன்ற விளம்பகால (மெதுவான) பாட்டில் ஒளிய இடமே கிடையாது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தியது என் தவறு.

பாடகர் தன் குரலைக் கேட்க மேடையில் காதில் அணியும் கருவியைச் சிலர் குறை சொல்கிறீர்கள். தன் குரல் கேட்காத பாடகர் பெரும்பாலும் தொண்டையை அழுத்துவார், சுருதி மேலே ஏறும். இங்கே இறங்கியிருக்கிறது. அதனால் அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை.

என் வாக்கு இப்போது இரண்டாமவருக்கே. அனுபல்லவியில் அவர் பாடும் 'ழ'கரத்தை மட்டும் இன்னொரு முறை கேளுங்கள்.