தேர் போட்டோவை வெட்டி விளம்பரத்துக்குப் போட்டுட்டாங்க, என்ன பண்ணலாம்?

லென்ஸ்தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். திருவாரூர் ஆழித்தேர்ல வடம் புடிக்கிற கூட்டத்த எடுத்து இன்ஸ்டால போட்டிருந்தேன், இப்ப ஒரு ஹோட்டல்காரங்க அத அவங்க வெப்சைட்லயும் பேஸ்புக் விளம்பரத்துலயும் போட்டிருக்காங்க. ஓரத்துல இருந்த என் பேர வெட்டினதுல முன்னாடி நிக்கிற பெரியவரோட பச்சைத் துண்டும் பாதியா போச்சு. போன் பண்ணா நெட்ல கெடந்துச்சு எடுத்தோம்ங்கறாங்க. காப்பிரைட் ரிஜிஸ்டர் எதுவும் பண்ணல. வழி இருக்கா? மனசு ஆறவே மாட்டேங்குது.

நிழல்படம்:
தம்பி, ரிஜிஸ்டர் பண்ணலன்னாலும் நீங்களா எடுத்த படம் உங்களுதுதான், 1957 காப்பிரைட் சட்டப்படி ரிஜிஸ்டர் கட்டாயமே இல்ல. இனிமே அவங்களுக்கு போன் பண்ணாதீங்க, உஷாராகி டெலீட் பண்ணிட்டா கையில ஆதாரம் நிக்காது. லிங்க்கும் தேதியும் தெரியிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்க, வெப் பக்கங்கள தேதியோட சேமிச்சு வைக்கற வேபேக் மெஷின் சைட்லயும் அந்த பக்கத்த சேவ் பண்ணுங்க. கேமராவுல பதிவான ஒரிஜினல் ரா பைல் இருக்கா? அதுக்கு முன்னப் பின்ன எடுத்த ப்ரேமையும் பத்திரமா வைங்க, அது அவங்ககிட்ட இருக்கவே இருக்காது. படத்த வச்சே தேடற கூகுள் லென்ஸ்ல போட்டு வேற எங்கயாவது ஓடுதான்னும் பாத்துடுங்க.

லென்ஸ்தம்பி:
ரா பைல் இருக்குண்ணா, வரிசையா எல்லா ப்ரேமும் இருக்கு.

கோர்ட்வாசல்:
அப்ப தைரியமா எறங்குங்க. பேஸ்புக்ல காப்பிரைட் புகார் பாரம் இருக்கு, அதுல போடுங்க. வெப்சைட்டுக்கு, அந்த சைட்ட நெட்ல வச்சிருக்கற ஹோஸ்டிங் கம்பெனிக்கு எழுதுங்க. 2013 காப்பிரைட் விதிகள்ல 75வது விதி, முறையான புகார் போனா 36 மணி நேரத்துல அவங்க நடவடிக்கை எடுக்கணும், ஆனா 21 நாளுக்குள்ள கோர்ட் ஆர்டர் கொண்டு வரேன்னு நீங்களும் புகார்லயே எழுதிக் குடுக்கணும், ஆர்டர் வரலன்னா படம் திரும்ப ஏறலாம், இத நெறய பேர் கவனிக்கறதில்ல. கேஸ் போடறதா இருந்தா காப்பிரைட் சட்டத்தோட 62வது பிரிவுப்படி நீங்க குடியிருக்கற ஊர்லயே போடலாம், அலைய வேணாம். ஹோட்டலுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பறப்போ, வழக்கமா ஒரு விளம்பரப் படத்துக்கு என்ன வாங்குவீங்களோ அந்த பில்லையும் சேத்து வைங்க. பேர வேணும்னே வெட்டினதுக்கு 65பி பிரிவு இருக்கு, ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், அதையும் எழுதச் சொல்லுங்க.

மண்டபம்கேமரா:
நடுவுல ஒரு சந்தேகம்ணே, நான் எடுத்த கல்யாண போட்டோவ ஒரு மேக்கப் பார்லர் போட்டிருக்கு, எனக்கும் இதேதானா?

கோர்ட்வாசல்:
இல்லப்பா. காசு வாங்கிட்டு அவங்க கேட்டு எடுத்த படம்னா 17வது பிரிவுப்படி உரிமை கல்யாண வீட்டுக்காரங்களுது, வேற மாதிரி ஒப்பந்தம் இருந்தாதான் உனக்கு. எடுத்தவன்ங்கற பேர் உரிமை 57வது பிரிவுல உனக்கு இருக்கு. பார்லருக்கு அவங்களே குடுத்திருக்கலாம், மொதல்ல வீட்டுக்காரங்கள கேளு. அடுத்த ஆர்டர்லேந்து உரிமை யாருக்குன்னு அட்வான்ஸ் வாங்கறப்பவே எழுதி கையெழுத்து வாங்கிடு.