ஆராதனை முடிந்த பிறகும் ஆண்டவரோடு பேசுகிறவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

நாசரேத்து மருமகள்:
ஜனவரி முதல் தேதி எல்லோரும் சபையில் வாக்குத்தத்த அட்டை, அதாவது அந்த வருடத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சடித்த அட்டை, எடுத்திருப்பீர்கள். எங்கள் அத்தைக்குக் கிடைத்தது சங்கீதம் 121:3. "உன் காலைத் தள்ளாடவொட்டார்." பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தார்கள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

அறுவை சிகிச்சை முடிந்த இரவு, கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தேன். அத்தை யாரிடமோ பேசும் சத்தம். மயக்க மருந்தின் வேகம் என்று பதறி எழுந்தால், தெளிவாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். "என்ன இயேசப்பா, நீர் சொன்னது என்ன, நடந்தது என்ன? தள்ளாட விடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இப்படிக் கிடத்திவிட்டீரே. எனக்குக் கோபம்தான். இந்த நேரத்தில் உம்மை விட்டால் நான் யாரைத் திட்டுவது?" பக்கத்துக் கட்டில் பாட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆமென்கூடச் சொல்லாமல், அதே குரலில் என்னிடம் தண்ணீர் கேட்டார்கள்.

நான் பிறந்ததிலிருந்து சபையில் வளர்ந்தவள். பாமாலைப் பாட்டுகளைப் புத்தகம் பார்க்காமல் பாடுவேன். ஆண்டவரிடம் கோபித்துக்கொள்ளும் அளவுக்கு எனக்குப் பழக்கம் இல்லை. அத்தையைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. இப்படியெல்லாம் பேசலாமா? உங்கள் வீட்டில் யாராவது பேசுகிறார்களா?

அதிகாலை ஜெபவீரர்:
என் அனுபவம் சிறியது. மகள் கல்யாணத்துக்கு மறுநாள், வீடு நிறைய உறவினர்கள் தூங்கிக்கொண்டிருக்க, இருட்டில் மொட்டைமாடிக்குப் போய் உட்கார்ந்தேன். ஜெபிக்க வார்த்தை வரவில்லை. அவர் இருந்தார். அவ்வளவுதான்.

ஆனால் சகோதரி, உங்களுக்குச் சில ஆலோசனைகள். கர்த்தர் நம் நண்பர் என்பதால் மரியாதை குறையக் கூடாது. பயபக்தி வேண்டும். உறவு வளர ஒழுங்கு தேவை. மாற்கு 1:35-ஐப் பாருங்கள்: முந்தின நாள் சாயங்காலம் ஊரே வாசலில் கூடியிருந்தது, நோயாளிகள் ஏராளம். அப்படியும் இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து வனாந்தரத்துக்குப் போனார். ஆகவே நாலரை மணிக்கு எழுந்திருங்கள். கைபேசியை வேறு அறையில் வையுங்கள். மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரம்; நாளுக்கு ஒன்றாகப் படியுங்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு, மனதில் பட்ட வசனத்தைக் கையால் எழுதுங்கள். எழுதி வைத்த ஜெபங்களை வாசிப்பதும் மனப்பாடமாக ஒப்பிப்பதும் உறவு ஆகாது. சொந்த வார்த்தையில் பேச வேண்டும். பிறகு பத்து நிமிடம் மௌனம். இதில் தவறினால் அன்றைய நாள் முழுவதும் தவறும்.

மூன்றாம் ஷிப்ட்:
ஜெபவீரர் அண்ணன் நாலரை மணிக்கு எழுந்திருக்கச் சொல்கிறார். அந்த நேரத்தில் நான் ஸ்பின்னிங் மில்லில் அறுந்த நூலைப் பிணைத்துக்கொண்டிருப்பேன். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மடத்துச் சமையலறையில் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ், பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் தேவ சமுகத்தில் இருந்தவர். அவரிடம் யார் மணி கேட்டார்கள்?

எங்கள் மில்லில் ஒரு வசதி உண்டு. இயந்திர இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது. அதனால் நான் வாய்விட்டுத்தான் ஜெபிப்பேன். ஒரு நாள் மேஸ்திரி எல்லோர் முன்னிலையிலும் என் அப்பாவை இழுத்துப் பேசிவிட்டார். அன்றிரவு கத்திக்கொண்டிருந்தேன்: "ஆண்டவரே, அந்த ஆளை மன்னிக்க என்னால் முடியாது, முடியவே முடியாது!" இரண்டாவது "முடியாது" வரும்போது மின்சாரம் போய்விட்டது. இயந்திரங்கள் நின்றன. மண்டபம் முழுவதும் என் குரல் மட்டும்.

மேஸ்திரி இரண்டு இயந்திரம் தள்ளி நின்றிருந்தார். கிட்டே வந்து, "யாரிடம் பேசிக்கொண்டிருந்தாய்?" என்று மட்டும் கேட்டார். "சாமியிடம்" என்றேன். "அவர் என்ன சொன்னார்?" என்றார். கேலியா, உண்மையாகவே கேட்டாரா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை. மின்சாரம் வந்துவிட்டது; பதில் சொல்லாமல் தப்பித்தேன். என்னை அரிப்பது அந்தக் கேள்விதான். நான் எப்போதும் பேசிக்கொண்டேதான் இருக்கிறேன்.

கடற்கரைச் செபமாலை:
மனப்பாடமாகச் சொன்னால் உறவு இல்லையா? 1542-இல் மறைபணியாளர் பிரான்சிஸ் சவேரியார் எங்கள் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்கு வந்தபோது செபங்களைத் தமிழில் ஆக்கி ஊர் ஊராக மனப்பாடம் செய்ய வைத்தார். புயல் எச்சரிக்கை இரவில், கணவர் கடலில் இருக்கும்போது, எனக்குச் சொந்த வார்த்தை ஒன்றும் வராது. செபமாலைதான் வாயில் ஓடும்.

போன வருடம் மீன்பாடே இல்லை. ஒரு விடியற்காலை அவர் வெறும் வலையோடு கரையேறினார். டீசல் கடன்காரர் முந்தின நாள்தான் வந்து போயிருந்தார். கேட்க என்னிடம் நிறையக் கேள்விகள் இருந்தன. ஆனால் அந்த ஞாயிறு பூசையில் வாசித்தது யோவான் 21. சீடர் பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தது ஒரு கரிநெருப்புக்குப் பக்கத்தில். உயிர்த்த ஆண்டவர் கரையில் காத்திருந்ததும் கரிநெருப்போடுதான். "என்னை அன்பு செய்கிறாயா?" என்று கேட்டது சாப்பாட்டுக்குப் பிறகு. அதற்கு முன்னால் மறுதலித்ததைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை, மீனும் அப்பமும்தான்.

நான் கஞ்சியும் கருவாடும் வைத்தேன். கணவர் நிமிர்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடன் பேச்சு மத்தியானம் நடந்தது, சத்தமாகவே நடந்தது.

கடைசி பெஞ்சு:
அட்டை எடுக்கும் வழக்கத்தையே நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி. எனக்கு எரேமியா 29:11 வந்த வருடம் வேலை போனது. சமாதானத்துக்கேதுவான நினைவுகளாம்! எரிச்சலில் வேதாகமத்தை எடுத்து அதற்கு முந்தின வசனத்தைப் படித்தேன். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. எழுபது வருஷம் ஆகும் என்று 10-ஆம் வசனம் சொல்கிறது. அட்டையில் அதை அச்சடிக்க மாட்டார்கள். விசித்திரம் என்னவென்றால், அந்த எழுபதுதான் எனக்கு ஆறுதல் தந்தது. ஏமாற்றாமல் பேசுகிறார் என்று தோன்றியது.

இந்த வருடம் அட்டை எடுக்கவில்லை. எரேமியாவை முதலிலிருந்து படித்து வருகிறேன், 20-ஆம் அதிகாரம் வரை வந்திருக்கிறேன். ஜெபவீரர் அண்ணனே, அதில் 7-ஆம் வசனத்தில் தீர்க்கதரிசி கர்த்தரிடமே எப்படிக் குறைசொல்லிப் பேசுகிறார் என்று பாருங்கள். படித்துவிட்டு, நாசரேத்து அக்காவின் அத்தைக்கு மரியாதை தெரியாது என்று எழுதுங்கள்.