தேர் வீடியோ போனில் விட்டு விட்டு ஓடுகிறது, உதவுங்கள்

அண்ணாச்சிமாரே, எடிட்டிங் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை எடுத்து எடிட் செய்து வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் ஓரளவு பரவாயில்லை. எக்ஸ்போர்ட் செய்து போனில் போட்டால், ரதவீதியில் தேர் அசைந்து வரும் இடமெல்லாம் வெட்டி வெட்டி ஓடுகிறது.

கேமரா கிளிப்புகள் நொடிக்கு 25 பிரேம் (தனித்தனிப் படம்). மாடியிலிருந்து தம்பி எடுத்தது போனில், 30 பிரேம். ஆனால் போன் பிரேம் ரேட் நிலையாக இருப்பதில்லை, வெளிச்சத்துக்கு ஏற்பக் கூடும் குறையும். அதனால் மேளக்காரர் கை ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் போனது. அந்தக் கிளிப்புகளை ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான 30-க்கு மாற்றியதும் அது சரியாகிவிட்டது.

வெட்டு மட்டும் போகவில்லை. டைம்லைன் (எடிட்டிங்கில் கிளிப்புகளை அடுக்கும் வரிசை) 25 என்றால் போன் கிளிப்பில் ஆறு பிரேமுக்கு ஒன்று விழுந்துவிடும். போதாததற்கு நொடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கும் 60 ஹெர்ட்ஸ் திரையில் 25 சமமாகப் பிரியாது. சில பிரேம் இரண்டு தடவை நிற்கும், சில மூன்று தடவை. 30 என்றால் எல்லாம் இரண்டிரண்டு. அதனால் டைம்லைனை 30 ஆக்குவதுதான் முறை என்று நினைக்கிறேன்.

அப்படிச் செய்தால் 25 கிளிப்புகளை என்ன செய்வது? பிரேம் பிளெண்டிங் (அடுத்தடுத்த பிரேம்களைக் கலப்பது) போட்டால் வடம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. அசைவைக் கணித்துப் புது பிரேம் உருவாக்கும் ஆப்டிகல் ஃப்ளோவில் கூட்டத்தின் கைகள் நெளிகின்றன. 25-ஐ 30 வேகத்தில் ஓட்டலாம், ஆனால் தேர் ஓடுகிற மாதிரி ஆகிவிடும், அது எனக்கு மனசில்லை.

இப்படிக் கலந்து எடுத்ததைச் சரிசெய்தவர்கள் யாராவது இருந்தால் உங்கள் செட்டிங்ஸைச் சொல்லுங்கள். வர முடியாத சொந்தக்காரர்கள் எல்லாரும் போனில்தான் பார்ப்பார்கள்.